மாமாவின் நாக்கும் என் மாத்திரையும்

எங்கள் பிஸ்கட் ஃபேக்டரியில் என் அக்காவின் கணவரை 'நாக்கு' என்றுதான் சொல்வார்கள். "நாக்கு வந்தாச்சா?" "நாக்கு டீ குடிக்கப் போயிருக்கு, இரு." மரியாதைக் குறைவாகச் சொல்வதில்லை. அடுப்பிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு பேட்சும் அவர் நாக்கைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக வேண்டும். மூன்று லைன், மணிக்கொரு சாம்பிள். கடிப்பார், கண்ணை மூடுவார், மெதுவாக மென்று விழுங்குவார், "போகலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக பேக்கிங்கில் நாங்கள் முப்பது பேர் டேப்பைக் கையில் பிடித்தபடி நிற்போம். இருபத்தாறு வருஷமாக இதுதான் அவர் வேலை.

அவர் ருசி பார்க்கும் சின்ன அறையின் கதவில் ஒரு அட்டை தொங்கும். அவர் கையெழுத்துதான். 'இந்த அறைக்குள் வருவோர் கவனத்துக்கு: சென்ட் கூடாது. வாசனைத் தலையெண்ணெய் கூடாது. பூண்டு, வெங்காயம் தின்றுவிட்டு வரக்கூடாது. சிகரெட் கூடவே கூடாது.' ஒரு தடவை ஓவன் ஆபரேட்டர் புதுசாக ஏதோ வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு சாம்பிள் தட்டோடு உள்ளே வந்துவிட்டார். மாமா அவரை வீட்டுக்கு அனுப்பித் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார். ஈரத் தலையோடு திரும்பி வந்தவரை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் போகல" என்று மறுபடியும் அனுப்பினார். ஓவன் ஆபரேட்டர் அதை இன்றுவரை மறக்கவில்லை. என் மாமா லேசுப்பட்ட ஆள் இல்லை.

போன வருஷம் ஃபேக்டரியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. மாமாவின் தாளில் மட்டும் சிவப்பு எழுத்து: மொத்தக் கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபத்தெட்டு. கெட்ட கொழுப்பு நூற்று எண்பத்துநாலு. அக்கா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அக்கா பேசாமல் இருப்பது, அவள் கத்துவதைவிட மோசம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் போனோம். அவர் தாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன பிஸ்கட் சாப்பிடுவீங்க?"

"நான் சாப்பிடறதில்லீங்க. வேலை பாக்கறேன்."

"சரி, எத்தன பிஸ்கட் வேலை பாக்கறீங்க?"

"இருபத்திநாலு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "விழுங்காம ருசி பாக்க முடியாதா?"

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தொண்டையில கடைசியா ஒரு ருசி நிக்கும். அது தெரியணும்னா விழுங்கித்தான் ஆகணும். துப்பறதுக்கு நான் எதுக்கு?"

தினமும் இரவில் ஒரு மாத்திரை, முக்கால் மணி நேரம் நடை, வெண்ணெயும் பொரித்ததும் குறைய வேண்டும், ஓட்ஸும் பயறும் பழமும் கூட வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அன்று சாயங்காலமே சமையலறையைத் தலைகீழாக மாற்றிவிட்டாள். வாணலி பரணுக்குப் போனது. காலையில் ஓட்ஸ், ராத்திரியில் பயறு சூப். மாமா முதல் கரண்டி ஓட்ஸை வாயில் போட்டு, வழக்கம்போலக் கண்ணை மூடினார். நாங்கள் காத்திருந்தோம்.

"போகக் கூடாது" என்றார்.

"உங்கள யாரும் கேக்கல, முழுங்குங்க" என்றாள் அக்கா.

சாப்பாட்டை மாமா எப்படியோ சகித்துக்கொண்டார். மாத்திரைக்குத்தான் பயந்தார். பஸ் ஸ்டாப்பில் யாரோ, அந்த மாத்திரை போட்டால் நாக்கு மரத்துப் போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை அக்காவிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் கேட்கவில்லை. என்னிடம்தான் சொன்னார், அதுவும் சைக்கிள் ஸ்டாண்டில், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு.

"மாப்ளே, எனக்கு படிப்பு கிடையாது, வேற வேல தெரியாது. இந்த நாக்கு போயிடுச்சுன்னா நான் யாரு?"

எனக்கு மனசு இளகிவிட்டது. இளகினால் எனக்கு உடனே புத்தியும் இளகிவிடும். அன்றே மருந்துக் கடையில் ஒரு டப்பா மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பளபளவென்று, பார்க்கவே அழகாக இருக்கும். "இயற்கையானது மாமா. பக்க விளைவே கிடையாது. இதப் போடுங்க, கொழுப்பு தானா கரையும்" என்றேன். யார் எனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. டப்பாவில் ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டைகள் மாமாவின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் படுத்துத் தூங்கின. தினமும் இரவில் அக்கா தண்ணீர் கொடுப்பாள், அவர் என் மாத்திரையைப் போடுவார், அக்கா நிம்மதியாகப் படுப்பாள்.

மறு பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்கே பயம் வந்தது. "ஒண்ணு போதாது மாமா. நாளையிலேர்ந்து காலையில மூணா போடுங்க" என்றேன். இந்த யோசனையும் என்னுடையதுதான்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு முதல் லைன் சாம்பிள் உள்ளே போனது. நாங்கள் டேப்போடு நின்றோம். 'போகலாம்' வரவில்லை. இன்னொரு தட்டு கேட்டார். பிறகு இரண்டாவது லைன், மூன்றாவது லைன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவரின் முகம் இருண்டிருந்தது.

"எல்லாத்தையும் நிறுத்துங்க. வெண்ணெய் கெட்டுப்போச்சு. மீன் வாடை அடிக்குது."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெண்ணெயைச் சரியாக வைக்காமல் கெட விட்டால் சில சமயம் உண்மையிலேயே மீன் வாடை வரும். தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும். உங்களுக்கோ எனக்கோ வாயில் மீன் வாடை வந்தால் என்ன தின்றோம் என்று யோசிப்போம். இருபத்தாறு வருஷ நாக்கு நேராக வெண்ணெயிடம் போய்விட்டது.

லேபிலிருந்து வந்த பெண் தின்று பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேனேஜருக்கும் தெரியவில்லை. ஆனால் நாக்கு சொல்லிவிட்ட பிறகு யார் எதிர்த்துப் பேசுவது? மூன்று லைனும் நின்றது. வெண்ணெய்க்காரரை வரச் சொன்னார்கள். தம்பியோடும் மனைவியோடும் சேர்ந்து சின்னதாகப் பால் பண்ணை நடத்துகிறவர். பதினெட்டு வருஷமாக எங்களுக்கு வெண்ணெய் கொடுப்பவர். குளிர்வண்டியிலிருந்து இறங்கியவர் நேராக மாமாவிடம் வந்தார்.

"அண்ணே, நேத்து கடைஞ்சது. என் கையால பொதிஞ்சது. இன்னொரு தரம் பாருங்கண்ணே."

மாமா இன்னொரு தரம் பார்த்தார். தலையை ஆட்டினார். "மீன் வாடைதான்."

மேனேஜர் நாளையிலிருந்து அவர் வெண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெண்ணெய்க்காரர் பெட்டிகளைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றினார். உதவிக்குப் போன எங்களைத் தொட விடவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. மாமா மதியத்திலிருந்தே உம்மென்று இருந்தார். காலையில் சாப்பிட மறந்த ஓட்ஸுக்குப் பதிலாகவோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் ரகசியமாக இன்னும் இரண்டு மாத்திரை போட்டிருக்கிறார். சூப்பைக் குடித்துவிட்டுப் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க, வீட்ல மீனே வாங்கலையே. எங்க சாப்பிட்டு வந்தீங்க?"

"மீனா? நானா?"

"உங்க வாயிலேர்ந்துதாங்க வருது."

மாமா கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த ஐந்து நிமிஷத்தில் டப்பா, அலமாரி, துணிக்கு அடியில் இருந்த அட்டைகள் என்று எல்லாக் குட்டும் வெளிப்பட்டது. அக்கா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டினாள். திட்டிக்கொண்டே வந்தவள் நடுவில் குரல் உடைந்து, "ஒரு நாள் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே போனதும் நான்தான் பேசினேன். "மாமா, யாருக்கும் தெரியாது. இத்தோட விட்டுடலாம். இன்னும் ரெண்டு மாசத்துல வேற காரணம் சொல்லி அவர மறுபடி கூப்பிட்டுக்கலாம். இப்ப சொன்னீங்கன்னா, இனிமே உங்க பேச்ச எவன் நம்புவான்?"

"அவன் பெட்டியத் தொட விடல, பாத்தியா?" என்றார் மாமா.

மறுநாள் காலை அவர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். வெண்ணெய்க்காரரை வரவழைக்கச் சொல்லி, வந்த பிறகு, எங்கள் எல்லோர் முன்னாலும் டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"வெண்ணெய்ல ஒண்ணும் இல்ல. வாடை என் வாயில இருந்தது. டாக்டர் குடுத்த மாத்திரைய ஒளிச்சு வச்சிட்டு இத முழுங்கினேன். தப்பு என்னோடது."

என் பெயரை அவர் இழுக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வெண்ணெய்க்காரர் உடனே கட்டிப்பிடித்து மன்னித்துவிடவில்லை. "நேத்து எங்க வீட்ல ஒருத்தரும் சாப்பிடல" என்றார். வெண்ணெய் மறுபடி வர ஆரம்பித்தது, அவர் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் இறக்கிவிட்டுப் போனார். மேனேஜர் மாமாவை ருசி அறையிலிருந்து எடுத்து, என் பக்கத்தில் பேக்கிங்கில் போட்டார். உடம்பும் வாயும் சரியான பிறகு பார்க்கலாம் என்றார்.

டாக்டரம்மா டப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "இது வேற ஒரு வகைக் கொழுப்புக்கு வேணா கொஞ்சம் உதவும். உங்களுக்கு ஏறியிருக்கறத இது இறக்காது." நாக்கு மரத்துப்போகுமா என்று மாமா கடைசியில் வாய்விட்டுக் கேட்டார். "ரொம்ப அபூர்வம். ருசி மாறினா என்கிட்ட வாங்க, வேற மாத்திரை பாக்கலாம். சொல்லாம நிறுத்தாதீங்க."

மூன்று மாதம் மாமா என்னோடு பெட்டிக்கு டேப் ஒட்டினார். பத்துக்கு நாலு கோணல். தினமும் மாத்திரை, அக்கா எதிரில் நின்று பார்க்க. பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தார். இருபத்திநாலு பிஸ்கட்டும் தானாக நின்றது. நாக்கு இருக்கிறதா போய்விட்டதா என்று தினமும் சோதிப்பார். ஓட்ஸைத் தின்றுவிட்டு, "நேத்து வாங்கின பாக்கெட் வேற, இது வேற" என்பார். அக்கா உள்ளே போய்ப் பார்ப்பாள். வேறுதான். ஒரு நாள், "இது பரவால்ல" என்றுகூடச் சொன்னார்.

அடுத்த தாளில் மொத்தம் நூற்று எழுபத்தெட்டு, கெட்டது தொண்ணூற்றாறு. அக்கா தாளை இரண்டு தடவை படித்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சந்தோஷத்தில் என்றுதான் நினைக்கிறேன்.

மேனேஜர் மாமாவைத் திரும்பக் கூப்பிட்டார். மாமா உடனே போகவில்லை. "என் நாக்க முதல்ல சோதிங்க. சாம்பிள வெண்ணெய்க்காரர் வைக்கட்டும். எது எந்த வெண்ணெய்ல போட்டதுன்னு அவருக்கு மட்டும் தெரியட்டும்."

வெண்ணெய்க்காரர் நாலு தட்டு வைத்தார். ஃபேக்டரியில் பாதிப் பேர் வாசலில் நெரித்துக்கொண்டு நின்றோம். நாலில் ஒன்று பழைய வெண்ணெய் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரியும். மாமா முதல் தட்டில் ஒரு மூலையைக் கடித்தார், கண்ணை மூடினார், மென்றார். பிறகு, என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை, கப்பில் துப்பினார். வாயைக் கொப்பளித்தார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. மறுபடி முதலாவது.

"ரெண்டாவதா இருக்கும்" என்று ஓவன் ஆபரேட்டர் என் காதில் சொன்னார். எனக்கு மூன்றாவது என்று தோன்றியது. மாமாவின் நெற்றி வியர்த்தது. ஏதாவது ஒன்றைக் கைகாட்டினால்கூட நாலில் ஒரு வாய்ப்பு இருந்தது. எதையும் காட்டாவிட்டால், நாக்கு செத்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

கண்ணைத் திறந்து வெண்ணெய்க்காரரை நேராகப் பார்த்தார்.

"நாலும் நல்ல வெண்ணெய். நாலும் புதுசு. எதுலயும் குத்தமில்ல. போகலாம்."

வாசலில் நின்ற எல்லோரும் வெண்ணெய்க்காரரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் முகம் மலர்ந்தது.

"நாலும் இன்னைக்குக் கடைஞ்சதுதாண்ணே" என்றார். "நல்லத நல்லதுன்னு சொல்றீங்களான்னுதான் பாத்தேன்." நாலாவது தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்து, பாதியை மாமாவின் கையில் வைத்தார். "இத துப்பாதீங்க."

மாமா துப்பவில்லை. நான் அழுதேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு மாமா மார்க்கர் பேனாவை எடுத்து, கதவில் தொங்கிய அட்டையில் கீழே இருந்த இடத்தில் ஏதோ எழுதினார். ஓவன் ஆபரேட்டர் எட்டிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்: 'மச்சினன் கொடுக்கும் மாத்திரை கூடாது.' இப்போதெல்லாம் நான் சாம்பிள் தட்டோடு அந்த அறைக்குப் போனால், என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்.