மொட்டை மாடி நடுவர்

அந்த ஈரத் துண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் புறாப் பந்தயம் நடக்கும் நாட்களில், தோல் மண்டி வைத்திருந்த பாய் அதைத் தலையில் போட்டுக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடப்பார். எனக்கும் எதிர்வீட்டுப் பூட்டுக்கடைக்காரருக்கும்தான் போட்டி. காலையில் இருவரும் ஒரே நேரத்தில் பறக்கவிடுவோம். முதலில் இறங்குகிற புறா தோற்றது. பொட்டாகத் தெரியும் அவற்றை வெயிலில் பார்த்துக் கிடப்பது நடுவர் பாடு. கூலி என்று பார்த்தால் மத்தியானச் சோறு மட்டும்தான். வேறு யாரைக் கூப்பிட்டாலும் தலைதெறிக்க ஓடுவார்கள். பாய் மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல வெள்ளைச் சட்டையில் வருவார்.

கண் வானத்தில் இருக்கும். வாய் எங்களைச் சும்மா விடாது. “அப்பு, ஒம் புறா மலைக்கோட்டைப் பக்கம் வீடு பாக்கப் போயிருக்கு. வாடகை கட்டுபடியானா அங்கனயே தங்கிரும்” என்பார். தோற்றவனும் சிரித்துக்கொண்டேதான் படி இறங்குவான்.

ஒரு சித்திரை வெயிலில் என் புறா இறங்கிவிட்டது. பாயின் தலைமாட்டில், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அலகால் இறகைக் கோதியது. பாயோ வானத்தைப் பார்த்து, “ரெண்டும் நல்லா நிக்குது” என்றார். ஜெயித்த பூட்டுக்கடைக்காரர் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். சத்தமில்லாமல் புறாவைப் பிடிக்கப் போனேன். அது படபடவென்று இறக்கையை அடித்துக்கொண்டது.

பாய் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

“எறங்கி எம்புட்டு நேரமாச்சு அப்பு?”

“பூட்டுக்கடைக்காரரு ஜெயிச்சிட்டாரு” என்று தீர்ப்புச் சொல்லி எழுந்தவர், சுவரைத் தடவிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு பாய் மாடி ஏறவில்லை. சும்மா பேசிக்கொண்டிருக்கவாவது வாருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டோம். “கண்ணுக்கு வேலை இருந்தாத்தான் அப்பு வாய்க்குக் கதை வரும்” என்று சொல்லிவிட்டார். பின்னால் வந்த நடுவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் தோற்றவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நாங்கள் இருவருமே அப்படித்தான் ஆனோம். கடைசியில் புறாக்களை வத்தலக்குண்டு சிநேகிதர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

அதைப் பாயிடம் சொல்ல மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போய், நடக்காத பந்தயத்துக்காக அவர் முன்னால் சண்டை போடுவோம். அவர் இருவரையும் விசாரித்து, கிண்டலடித்து, தீர்ப்புச் சொல்லுவார். பழைய பேச்சு அப்போது மட்டும் திரும்பி வரும்.

இன்று அந்த மாடியில் துணி காய்கிறது. பாயும் பூட்டுக்கடைக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாய் படுத்த படுக்கையாய்க் கிடந்த கடைசி வெள்ளிக்கிழமை, நாங்கள் வழக்கமான சண்டையைத் தொடங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அவரே மெல்லக் கேட்டார்:

“புறாவக் குடுத்துட்டீகன்னு அப்பவே தெரியும் அப்பு. அது கெடக்கட்டும், இன்னைக்கு யாரு ஜெயிச்சா?”