நாலு பேர் தூங்கும் அறைக்கு நான் போட்ட சட்டம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லண்டனிலிருந்து லீவுக்கு வந்தவன், சாக்லேட்டோடு ஓர் அளவு டேப்பையும் கொண்டுவந்து சொந்த வீட்டையே அளந்தேன். அந்த லீவில் என்னைவிடப் பெரிய முட்டாள் திருவண்ணாமலையில் இருந்திருந்தால், கிரிவலப் பாதை முழுக்கச் சுற்றியும் அவரை நான் பார்க்கவில்லை.

லண்டனில் ஒரே வீட்டில் ஏழு பேர் இருந்தோம். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம். அந்த ஊர் நகராட்சியான கவுன்சிலின் ஆள் ஒருவர் வந்து, எத்தனை பேர் தங்கலாம் என்று அறை அறையாக அளந்தார். வீடு தேடி வந்தவராயிற்றே என்று டீ போட்டு, "பௌர்ணமின்னா எங்க ஊர் வீட்ல முப்பது பேர் படுப்பாங்க" என்று பெருமையாக என் இங்கிலீஷில் சொன்னேன். டீயைத் தொடாமல் அதையும் குறித்துக்கொண்டார். ஐந்து பேர்தான் இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. புகை வந்தால் கத்தும் கருவி வந்தது, திறக்கிற ஜன்னல் வந்தது. இரண்டு பேர் வெளியேற, அவர்கள் பங்கு வாடகை எங்கள் தலையில் ஏறியது. கால் நீட்டித் தூங்கிய சுகத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில், கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆட்கள் நாலு பேர் வாடகையை நாலாகப் பிரித்துக் கொடுத்து இருந்தார்கள். நான் பகலில் அளக்கப் போனபோது, அவர்களில் ஒருவரான வாட்ச்மேன் பாயில் கிடந்தார். "மெதுவா இழுங்க சார், தூக்கம் போவுது" என்றார். இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினேன். வாடகையைக் குறைப்பது மட்டும் என் சட்டத்தில் இல்லை.

அவர்களில் மூத்தவரான முனுசாமி அண்ணா, கெஸ்ட்ஹவுஸ் சமையல்காரர், அட்டையைப் படித்துவிட்டு வந்தார்.

"ரெண்டு பேரா இவ்ளோ வாடகை எங்கேர்ந்து குடுக்கறது தம்பி? நான் ஊரோட போயிடணும். அங்கேர்ந்து முதல் பஸ் புடிச்சு வந்தாலும் இங்க இட்லி வெந்து முடிஞ்சிருக்கும். வேலை போச்சு."

"நாலு பேர் நெருக்கமா இல்லையாண்ணா?"

"நாலு பேரும் எப்ப ஒண்ணா இருக்கோம்? நான் விடியறதுக்கு முன்ன எழுந்து போனா, வாட்ச்மேன் வந்து அதே பாய்ல படுக்கறான். ஆளை எண்ணினீங்களே, எவன் எப்ப தூங்கறான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பதில் லண்டன் சட்டம் சரிதான், இன்றும் சொல்வேன். ஆனால் வாடகைக்கு வரம்பு போடாமல் ஆளைக் குறைத்தால், வெளியே போகிறவன் இருப்பதிலேயே இல்லாதவன்தான்.

அட்டையைக் கிழித்தேன். கொத்தனாரை வைத்து ஜன்னல் போட்டேன். அதற்காக வாடகை ஏறாது என்று அப்பாவை அவர்கள் எதிரிலேயே சொல்ல வைத்தேன். பிறகு முனுசாமி அண்ணாவிடம் போய், "நாலு பேரும் இருங்கண்ணா. வேற எதாவது நான் பண்ணணுமா?" என்று, நான் பிறந்த வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

அவர் பீடியை அணைத்தார்.

"ஊருக்கு எப்ப கிளம்பறீங்க தம்பி?"