சிவா போகமாட்டேன் என்ற வீட்டில் ஒரு தாங்ஸ்கிவிங்

கதவு திறந்ததும் வெண்ணெய் உருகும் வாசமும் வறுத்த கறித்தூள் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறின. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் ஒன்பதாம் மாடி. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி... வெளியே அப்போதே இருட்டத் தொடங்கியிருந்தது.

என் மனுசன் சிவா சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். மதுரா கல்யாணம் கட்டி ஐந்து வருடத்தில் அவளுடைய வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

மதுரா அவருடைய தங்கையின் மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கட்டியது எரிக் என்ற நோர்வேக்காரரை. அதில் சிவாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் எரிக் ராணுவ அதிகாரி. கல்யாணத்தன்று அவர் யூனிஃபோர்மில் வந்து நிற்க, சிவா எழும்பிப் போய், சாப்பாடு முடியும்வரை கார் பார்க்கிங்கில் நின்றார்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஆமிக்காரர் வந்து தமையனைக் கூட்டிக்கொண்டு போனபோது சிவாவுக்குப் பதினாறு வயது. போனவர் திரும்பவில்லை.

"அவர் நல்ல மனிசனா இருக்கலாம். எனக்கு அந்த உடுப்பைப் பாக்கேலாது" என்றார் ஒருநாள். அதற்குப் பிறகு எரிக்கின் பெயரையே வாயில் எடுத்ததில்லை. கதை வந்தால் "அந்த ஆள்" தான்.

அந்த வருடம் எரிக் வெளிநாட்டுப் பணிக்குப் போய் நாலு மாதமாகியிருந்தது. மதுரா மூன்று வயது மகளோடு தனியே இருந்தாள். அதற்கு முன் எரிக்கின் வேலை காரணமாக இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்தவர்கள். அங்கே தாங்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் பண்டிகையன்று, வீட்டுக்குப் போக முடியாத ராணுவத்தினரை அதிகாரிகளின் மனைவிமார் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்களாம். போன புதிதில் ஒருவரையும் தெரியாமல் இருந்த இவளையும் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். அதை மறக்கமாட்டாமல்தான் இங்கே தானும் செய்ய நினைத்தாள்.

சிவாவை வரவைத்ததில்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம்... விருந்து என்று சொல்லவே இல்லை. "மாமா, எங்கட வீட்டிலை டுக்னாட். மூண்டு மணிக்கு வாங்கோ" என்று மெசேஜ் போட்டாள்.

டுக்னாட் என்றால் பிளாட்டில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து இலை கூட்டி, வேலிக்குப் பெயின்ட் அடிக்கிற சிரமதானம். எங்கள் புருசெத் பிளாட்டில் முதல் ஆளாக இறங்குகிறவர் சிவாதான். சாப்பிடக் கூப்பிட்டிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பார். வேலைக்குக் கூப்பிட்டால் அவருக்கு மறுக்கத் தெரியாது.

என் வீட்டுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் இரண்டு நாளைக்கு முதலே நான் சன்னதம் ஆடத் தொடங்கிவிடுவேன். பெல் அடிக்கும்போது தலைகூட வாரி இழுத்திருக்கமாட்டேன். இவளோ பன்னிரண்டு பேருக்கு விருந்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். வான்கோழியை முதல் நாளே துண்டு போட்டுக் கறித்தூளும் வெண்ணெயும் பூசி வைத்திருந்தாள். நெஞ்சு அவளுடைய ஓவனில், கால்கள் கீழ்மாடிக்காரரின் ஓவனில். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஓர் ஏப்ரன், ஆளுக்கு ஒரு வேலை. எனக்கு சலாட்.

"ஏதும் பிழைச்சா என்னடி செய்வாய்?"

"பாணும் பட்டரும் இருக்குது மாமி. மனுசன் எப்ப போவார், எப்ப வருவார் எண்டே தெரியாத வீட்டிலை, கோழி வேகேல்லை எண்டு இருந்து அழேலுமே?"

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

சிவாவுக்கு உருளைக்கிழங்கு. ஐந்து கிலோ, இரண்டு கதிரை, தோல் சீவ இரண்டு கத்தி. ஒரு கதிரையில் இருந்து சீவத் தொடங்கினார்.

அப்போதுதான் பெல் அடித்தது. வந்தவர் தூமாஸ், எரிக்கோடு வேலை செய்கிற சார்ஜன்ட். வீடு தூர வடக்கில். டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தார்... யூனிஃபோர்மோடு.

சிவாவின் கை நின்றுவிட்டது. எங்கள் கோட்டுகள் எங்கே தொங்குகின்றன என்று என் கண் தேடியது. மதுரா ஓடி வரவில்லை, ஒரு விளக்கமும் சொல்லவில்லை. தூமாஸின் கையில் ஏப்ரனைக் கொடுத்து மற்றக் கதிரையைக் காட்டினாள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

தூமாஸ் இருக்கவில்லை. நோர்வேஜிய மொழியில் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் அண்ணாவைப் பற்றி மதுரா சொன்னார். காரில் வேறு உடுப்பு இருக்கிறது. மாற்றிக்கொண்டு வரட்டுமா?"

சிவா கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்தார். பிறகு, "முதலில் கிழங்கை முடிப்போம்" என்றார், அவரும் அதே மொழியில்.

கொஞ்ச நேரத்தில் சிவா ஏசும் சத்தம் கேட்டது. பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். தூமாஸ் பாதிக் கிழங்கைத் தோலோடு சேர்த்துச் சீவிக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எட்டு வருடம் ஒரு ரெஸ்டாரன்ட் நிலவறையில் மூட்டை மூட்டையாகக் கிழங்கு சீவியவர் சிவா. அவருக்கு அது பொறுக்கவில்லை. கத்தியை வாங்கி, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் சலாட்டுக்குத் திரும்பினேன்.

ஆறு மணிக்குச் சாப்பாடு. ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டுமாம். சிவாவுக்கு இந்த மாதிரிக் காரியங்கள் பிடிக்காது. அவருடைய முறை வந்தபோது தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"எரிக் எப்ப பிள்ளை வாறார்?" என்று மதுராவிடம் கேட்டார்.

அன்று முழுக்க ஒரு துளி பதற்றம் காட்டாதவள் அவள். "மார்ச்சிலை, மாமா" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் அழுதாள்.

எரிக் சுகமாகத் திரும்பி வந்தார். இப்போது அவர்கள் வேலை மாற்றலில் வடக்கே போய்விட்டார்கள். ப்ளேனில் இரண்டு மணித்தியாலம். ஒன்பதாம் மாடியில் வேறு யாரோ இருக்கிறார்கள். நவம்பரில் நான் என் வீட்டில் கூப்பிட்டுப் பார்க்கிறேன், ஆளுக்கொரு வேலையும் கொடுக்கிறேன். ஆனால் சத்தம் போடாமல் இருக்க எனக்கு வருகுதில்லை. அந்தக் கூட்டம் அப்படியே இனி ஒருக்கால் கூடுமோ தெரியாது.

சிவா மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். டவுனில் யூனிஃபோர்மைக் கண்டால் இப்போதும் றோட்டின் மற்றப் பக்கம் போகிறார். ஆனால் காலையில் எழும்பியதும் கோப்பி போட முன்னம் ஃபோனில் வடக்கின் வானிலையைப் பார்க்கிறார். மைனஸ் இருபதைத் தாண்டினால் முகம் வாடிவிடும்.

"ஒஸ்லோவிலை இருக்கிற உங்களுக்கு ஏனப்பா அது?" என்று நேற்றும் கேட்டேன்.

"எரிக் பெடியன் பயிற்சிக்குப் போய் வெளியிலையெல்லே படுக்கிறான்" என்றார்.