எல்லாருக்கும் பொதுவானவர்

"ஓ குரூப்னா யாருக்கு வேணாலும் குடுக்கலாம். இதுகூடத் தெரியாமலா உங்களை வேலைக்கு வெச்சிருக்கா?"

"அது சிவப்பணுவுக்கு சார். பிளேட்லெட்னா கூடவே உங்க பிளாஸ்மாவும் போகும். பாப்பா ஏ குரூப். உங்க பிளாஸ்மால ஏ-வுக்கு எதிரானது ரொம்ப அதிகமா இருக்குன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. அவ ரத்தத்தையே அது உடைச்சிடலாம்."

"நாப்பத்தோரு தடவை குடுத்திருக்கேன். யாராவது செத்துப் போயிட்டாளா?"

"பெரியவங்க உடம்பு தாங்கியிருக்கும் சார். இது பதினாறு கிலோ குழந்தை."

ரத்த வங்கி டெக்னீஷியன் சம்ரீன் டெஸ்ட் முடிவை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்த நாற்பத்தோரு பேரில் ஒருவரையும் வெங்கட்ராகவன் எட்டிப் பார்த்ததில்லை என்பது ரத்த வங்கியில் எல்லாருக்கும் தெரியும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி ஸ்கூட்டரில் வருவார். வண்டியின் முகப்பில் 'ஓ பாசிட்டிவ் – உலகத்துக்கே உறவு' என்று எழுதியிருக்கும். சட்டைப்பையில் அதே வாசகத்தோடு ஒரு சிவப்பு வில்லை குத்தியிருக்கும். படுக்கையில் சாய்ந்ததும் முதலில் கேட்பது, போனைப் பிடிக்க ஓர் ஆள். ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். அந்தப் படம் மட்டும் வாட்ஸப் குழுவுக்குப் போகாது. "பெருமாள் என்னை எல்லாருக்கும் பொதுவா படைச்சுட்டார்" என்பார். கடைசியில் தரும் ஜூஸ் சில்லென்று இல்லாவிட்டால் அந்தப் பெருமாளே வந்தாலும் சமாதானமாக மாட்டார்.

அன்று அவர் விடவில்லை. குழந்தையின் தாய், உப்பிலியபுரத்துச் செல்லக்கிளியை அழைத்து, "நான் தயார். இந்தப் பொண்ணுதான் தடுக்கறா" என்றார். ஆறு வயது சுபஸ்ரீக்கு டெங்கு. மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. செல்லக்கிளி சம்ரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு மனசார குடுக்குறேங்குறாரு, வாங்கிக்கங்கம்மா. எம்புள்ளய விட்டுறாதீங்க."

உறையூரிலிருந்து ஏ குரூப்காரர் ஒருவர் டவுன் பஸ்ஸில் வந்து சேரும்வரை சம்ரீன் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவர் கொடுத்துவிட்டு, ஜூஸை வாசலிலேயே குடித்துவிட்டுப் போனார். குழந்தை பிழைத்தது. மறுவாரம் குழுவில் வந்த படத்தில் சுபஸ்ரீயின் தலையில் கை வைத்து நின்றவர் வெங்கட்ராகவன்.

இந்த மழைக்காலத்தில் அவருடைய நான்கு வயதுப் பேரனுக்கு டெங்கு. அவனும் ஏ குரூப். மாப்பிள்ளை வீடு மொத்தமும் ரத்த வங்கி வாசலில் இவரையே நம்பி உட்கார்ந்திருந்தது. சம்ரீன் கொடையாளர் படிவத்தை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சட்டைப்பையில் வில்லை இருந்த இடத்தில் கைக்குட்டை துருத்திக்கொண்டிருந்தது.

"அம்மா சம்ரீன், என்னுது வேண்டாம். ஏ குரூப்பாவே பாத்துக் குடுங்கோ. வெளியில கேட்டா, எனக்கு ஜலதோஷம்னு சொல்லிடுங்கோ."