கொக்கோ ஸ்டோரில் இறங்கிய முதலாளி

இன்று உக்குவளை பஸ்ஸில் புடவைக்கடை முதலாளியும் ஏறினார். மாத்தளையில் கொக்கோ விதை சேமித்துவைத்த பழைய கொக்கோ ஸ்டோரை இடித்து மாடிக்கடை கட்டியவர். ஊரார் இன்னும் ‘கொக்கோ ஸ்டோர்’ என்றே சொல்லும் பஸ் தரிப்பிடத்துக்கும் தன் கடைப் பெயர்தான் என்று ஊரோடு மல்லுக்கு நிற்பவர்.

கண்டக்டர் இந்தப் பக்கத்துக்குப் புதியவர். கொக்கோ ஸ்டோரைக் கண்ணால் கண்டதில்லை.

"எங்க எறங்குறீங்க, முதலாளி?"

முதலாளி கடைப் பெயரைச் சொன்னார்.

"அப்படி ஒரு எடம் இல்லீங்களே."

"இருக்கு. வரும்போது காட்டுறேன்."

கடை வந்தது. "இதுதான்!" என்று பெரிய பெயர்ப்பலகையைக் காட்டினார்.

"இது கொக்கோ ஸ்டோருங்க," என்றார் கண்டக்டர், மணி அடிக்காமல்.

பலகை மெல்லப் பின்னால் போயிற்று.

"சரி, கொக்கோ ஸ்டோர்லயே எறக்கி விடுங்க!"

உடனே மணி அடித்தது.

நீங்கள் தினமும் எந்த இல்லாத இடத்தில் இறங்குகிறீர்கள்?