குதிரைக்காரன் கல்

சீனிச்சாமியின் தலைப்பாகை தைத்தே வந்தது. தொப்பிபோல எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கல்யாண மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் கம்பத்துக் கடை ஒன்றில் வாங்கியது. சிவப்புக் கரை, நெற்றிக்கு நேராகப் பித்தளை வில்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அப்படி ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மழைக்குச் சாக்குக் கொங்காணி, வெயிலுக்குத் துண்டு, அவ்வளவுதான். ஆனால் விட்காம் எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் காலத்து வேலைக்காரன் என்றால் தலைப்பாகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏமாந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

கம்பம்மெட்டு ஏறிக் கேரளாவுக்குள் போனால் வரும் ஏலத்தோட்டம் அது. விட்காம் என்ற வெள்ளைக்காரன் காட்டை அழித்துப் போட்டது. வேலைக்காரர்கள் குதிரைத் துரை தோட்டம் என்றார்கள். பல கை மாறிக் கடைசியில் ஒரு கோட்டயத்து முதலாளியிடம் வந்தது. ஏலக்காயைவிட வெள்ளைக்காரனின் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் விலை அதிகம் என்று அவர் சீக்கிரமே கண்டுபிடித்தார். பங்களா பாரம்பரிய விடுதி ஆயிற்று. ஏலக்காய் ஸ்டோரில் ஐம்பது வயதுவரை மூட்டை தூக்கிய சீனிச்சாமி, நாலு வார்த்தை கோவையாகப் பேசுவார் என்பதால் வழிகாட்டி ஆனார்.

பங்களாவுக்குள் வந்ததும் ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். துரைசாணியின் பியானோ முன்னால் கையைக் கட்டி நிற்கிறார்கள். அது வாசித்து எண்பது வருஷமாகிறது, உள்ளே எலி குட்டி போட்டிருக்கிறது. துரை குளித்த பீங்கான் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பெண்டாட்டியிடம் படம் எடுக்கச் சொல்கிறார்கள். அவர்கள் பாட்டனை அந்தத் துரை வாசற்படிக்குக்கூட விட்டிருக்க மாட்டான். அதை யாரும் நினைப்பதில்லை. பேரன் தொட்டியில் உட்கார்ந்துவிட்டான், கணக்குத் தீர்ந்தது.

"அந்தக் காலத்துல என்ன ஒரு டிசிப்ளின்!" என்பார் ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர். தினமும் ஒருவர் அப்படிச் சொல்ல வந்துவிடுகிறார்.

"ஆமாங்க சார். தொரை காலத்துல ஒரு இலை கீழ கெடக்காது" என்பார் சீனிச்சாமி.

அடுத்தது வேலைக்காரர் லயன். பத்துக்குப் பத்து அறைகள். சுவரில் கரிப்புகை மாதிரியே பெயின்ட் அடித்து, ஏசி மாட்டி, புதுமணத் தம்பதிகளுக்கு விடுகிறார்கள். அதில் ஒன்பதாவது அறையில்தான் சீனிச்சாமி பிறந்தார். ஆரம்பத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவரை வாசலில் நிறுத்தி, "கொஞ்சம் சோகமா இருங்க அங்கிள்" என்று படம் எடுத்தாள். அதிலிருந்து சொல்வதில்லை.

லயனுக்குக் கீழே புல்வெளி. புல்வெளியின் ஒரு ஓரத்தில் சலவைக்கல் சமாதி. அதில் டியூக் என்று பொறித்திருக்கிறது. துரையின் குதிரை. மறு ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஓடைக்கல். கல்லுக்குப் பின்னால் கிரானைட் பலகை பதித்து, அதில் விட்காம் துரையின் படம். மீசை, தொப்பி, வாயில் பைப்.

அங்கே வந்ததும் சீனிச்சாமி தொண்டையைச் செருமுவார். "இதுதாங்க தொரைசாமி. தொரை மேல எங்க ஆளுக அம்புட்டுப் பிரியம். அவுக செத்ததும் கல்லு நட்டுக் கும்புட்டாக. இன்னைக்கும் மாசி மாசம் சுருட்டும் பிராந்தியும் வச்சுக் கும்புடுறோம்."

ஜனங்கள் உருகிப்போவார்கள். அதிலும் இங்கிலீஷ்காரர்கள் வந்திருந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தங்கள் முப்பாட்டன்கள் இவ்வளவு நல்லவர்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

சொன்னது முழுப் பொய். அந்தக் கல் சீனிச்சாமியின் தாத்தா மொக்கையனுடையது. மொக்கையன் துரையின் குதிரைக்காரன். ஒரு மழைநாளில் துரை குடித்துவிட்டுக் குதிரையைச் சரிவில் விரட்டினான். குதிரை கால் ஒடிந்து விழுந்தது. துரை குதிரையைச் சுட்டுக் கொன்றான். பிறகு துப்பாக்கிக் கட்டையைத் திருப்பி மொக்கையனை அடித்தான், லாடம் சரியாக இல்லை என்று. குதிரைக்கு மதுரையிலிருந்து சலவைக்கல் வந்தது. மூன்றாம் நாள் செத்துப்போன மொக்கையனைக் காட்டோரம் புதைத்து, ஓடையில் கிடந்த கல்லைத் தூக்கி நட்டார்கள். அநியாயமாகச் செத்தவனைச் சும்மா விட முடியாது. அவனுக்குப் பிடித்த சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்டார்கள். அவன் சாமி ஆனான். அந்த வம்சத்தில் எந்தப் பிள்ளைக்கும் முதல் முடியும் காதுகுத்தும் அந்தக் கல்லின் முன்னால்தான்.

புல்வெளி போட ஜேசிபி வந்த அன்று கல் குறுக்கே நின்றது. மேஸ்திரி ஆள் சீனிச்சாமியைக் கூப்பிட்டு, "இது என்ன கல்லு?" என்று கேட்டான். கூலிக்காரன் கல் என்றால் ஜேசிபி ஒரு நிமிஷம்கூட நிற்காது. சீனிச்சாமிக்கு வாயில் வந்தது: "அது தொரைசாமி சார். எங்க ஆளுக தொரையக் கும்புடுற எடம்." ஜேசிபி நின்றது. முதலாளியே கோட்டயத்திலிருந்து காரில் வந்து கல்லைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி சீனிச்சாமிக்குத் தன் புத்தியை நினைத்துச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு மாதத்தில் கிரானைட் பலகை வந்தது. அதன் பிறகு சிரிக்கவில்லை.

இப்போது மகன் விஜய்பாண்டியின் பெண்குழந்தைக்குக் காது குத்த வேண்டும். விஜய்பாண்டி கம்பத்திலிருந்து எஸ்டேட்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். அவன் வீட்டில்தான் பேச்சு எழுந்தது. சீனிச்சாமியின் அக்கா சங்கிலியம்மாளும் வந்திருந்தாள். நாற்பது வருஷம் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய் ஏலக்காய் எடுத்தவள். முதுகு வளைந்துவிட்டது, வாய் வளையவில்லை.

"அந்தத் தொரை மூஞ்சிக்கு முன்னாடி நம்ம புள்ளைக்குக் காது குத்தவா? கொன்னவன் படத்துக்குச் சுருட்டு வைக்கிற ஒரே வம்சம் நம்ம வம்சந்தாண்டா" என்றாள்.

"அக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லலேன்னா கல்லே இருந்திருக்காது."

"இருக்கு. யாருக்கு இருக்கு? ஏலே சீனி, தெனமும் அவரு முன்னாடி நின்னு அவரக் கொன்னவன் பேரச் சொல்றியே, ஒனக்கு நாக்கு கூசலியா?"

விஜய்பாண்டி நேராகச் சொன்னான். "அப்பா, அந்தப் படத்த எடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நான் வேற கோயிலப் பாத்துக்கிறேன். எம்புள்ளையோட அந்தக் கல்லு உறவு முடிஞ்சுச்சுன்னு வச்சுக்கங்க."

தாத்தா வாசலில் பேத்திக்குக் காது குத்தாவிட்டால் அதோடு எல்லாம் அறுந்துவிடும் என்று சீனிச்சாமிக்குத் தெரியும். அறுத்தவர் என்று தன் பேர்தான் நிற்கும். மறுநாள் விடுதி மேனேஜர், மலையாளத்துப் பெண் பிரின்சியிடம் போய் நின்றார். உண்மையைச் சொல்லத்தான் போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனார்.

"மேடம், ஒரே ஒரு நாளைக்கு அந்தப் படத்துமேல ஒரு துணி போட்டுக்கிறலாங்களா? பேத்திக்குக் காது குத்தணும்."

"துணியா? எதுக்கு சேட்டா?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "பச்சப்புள்ள மீசையப் பாத்துப் பயந்துரும்" என்றார் சீனிச்சாமி.

பிரின்சிக்குச் சிரிப்பு வந்தது. அதைவிடப் பெரிய யோசனையும் வந்தது. "காது குத்து இவிடெயே வைக்கலாம் சேட்டா! ஞாயிற்றுக்கிழமை கெஸ்ட் நிறைய உண்டு. பந்தல், சேர், சாயா எல்லாம் நம்ம செலவு. துரைசாமிக்கு முன்னாடி டிரடிஷனல் ஃபங்ஷன். எத்ர நல்லா இருக்கும்!"

"சரிங்க மேடம்" என்றார் சீனிச்சாமி. அவர் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

வீட்டில் சொன்னபோது விஜய்பாண்டி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். சங்கிலியம்மாள் மட்டும் ஏதோ யோசித்தாள். "ஞாயித்துக்கெழமையா? சரி. எல்லாரும் போவோம். நீயும் வாரடா விஜயி" என்றாள். சீனிச்சாமி அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தார். தன்னை வைத்தே மற்றவர்களை அளப்பது அவர் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் முப்பது நாற்பது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் தேநீர், இன்னொரு கையில் போன். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். தலைப்பாகையோடு சீனிச்சாமி நின்றார். விஜய்பாண்டியின் ஜீப் வந்தது. சங்கிலியம்மாள் பொங்கல் பானை, சுருட்டு, பிராந்தி பாட்டிலோடு இறங்கினாள். குழந்தை தாயின் இடுப்பில். காது குத்தும் ஆசாரி அவர்களோடு வரவில்லை. சீனிச்சாமி அதைக் கவனித்தார், கேட்கவில்லை.

சங்கிலியம்மாள் துரை படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, படையல் வைத்தாள். இடுப்பிலிருந்து பூ மடித்த இரண்டு இலைப் பொட்டலங்களை எடுத்துக் கல்லின் முன் போட்டாள். பிறகு பந்தலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏ ஆத்தா, அந்த ரேடியோவ அமத்து! சாமிகிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்களும் சித்த வாய மூடுங்க!"

கூட்டம் சிலிர்த்துப்போனது. பிரின்சி ஓடிப்போய் ஒலிபெருக்கியை நிறுத்தினாள். அத்தனை போன்களும் உயர்ந்தன.

சங்கிலியம்மாள் கல்லிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினாள். "தாத்தா, இங்கன ஒனக்கு என்ன இருக்கு? வயசுப் பசங்க படம் புடிக்காக, கொன்னவன் பின்னாடி நிக்கான். நாங்க கீழ ஒனக்கு எடம் வச்சிருக்கோம். வாரியா? வாரேன்னா வெள்ளப் பூவக் குடு. இங்கனயே கெடக்கேன்னா செவப்பக் குடு. அதுக்குப் பெறகு நான் வரமாட்டேன்."

அப்போதுதான் சீனிச்சாமிக்கு விளங்கியது. பிடிமண் எடுக்க வந்திருக்கிறாள். சாமி உத்தரவு கொடுத்தால் அதன் காலடி மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய் வேறு இடத்தில் வைக்கலாம். சாமி மண்ணோடு வந்துவிடும். அதன் பிறகு இங்கே நிற்பது வெறும் கல்.

பொட்டலம் எடுக்கக் குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது முதலில் பிராந்தி பாட்டிலிடம் தவழ்ந்தது. பந்தலில் சிரித்தார்கள். பிறகு சுருட்டைத் தட்டிவிட்டது. சிவப்பு வந்தால் இந்தக் கல்லும் இந்தப் பொய்யும் சீனிச்சாமி ஒருவர் தலையில். குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைத்தது. சங்கிலியம்மாள் பிடுங்கிப் பிரித்தாள். நந்தியாவட்டை. வெள்ளை.

குலவை போட்டாள். பந்தலில் கை தட்டினார்கள், கிரிக்கெட் பார்ப்பதுபோல.

கல்லடியில் கொத்தி ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்தாள். "ஏலே சீனி, ஆம்பளப் பேரன் நீதான். தலையில வச்சுக் கொண்டு வா."

சீனிச்சாமி முன்னால் வந்தார்.

"அந்த எழவக் கழட்டுடா மொதல்ல."

அவர் பிரின்சியைப் பார்த்தார். தலைப்பாகையைத் தொட்டார். கை அங்கேயே நின்றது. கூட்டம் இதுவும் சடங்கில் ஒன்று என்று காத்திருந்தது. விஜய்பாண்டி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் அவரை நகர்த்தியது. கழட்டினார். வைக்க இடம் தெரியாமல் குதிரைச் சமாதிமேல் வைத்தார். வழுக்கைத் தலையில் முடிச்சை வைத்துக்கொண்டு ஜீப்வரை நடந்தார்.

பிரின்சி பின்னாலேயே வந்தாள். "சேட்டா, காது குத்து?"

"கீழ போயி குத்திக்கிருவோம் தாயி. சாமி அங்கனதான வாராரு" என்றாள் சங்கிலியம்மாள்.

"இது என்ன மண்ணு?"

எல்லாரும் சீனிச்சாமியைப் பார்த்தார்கள். சாமி தலைமேல் இருந்தது. இனி எந்த ஜேசிபியும் அதைத் தொட முடியாது. உண்மையைச் சொல்ல இதைவிடத் தோதான நேரம் மனிதனுக்கு வாய்க்காது.

"தொரையோட ஆசீர்வாதம் மேடம்" என்றார் சீனிச்சாமி.

சங்கிலியம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். அவர்மேல் துப்பத்தான் நினைத்திருப்பாள்; ஆனால் தலையில் தாத்தா இருக்கிறார்.

கம்பத்துக்கு வெளியே, அவளுடைய திராட்சைப் பந்தல் ஓரம் ஆற்றுக்கல் ஒன்றை முன்னாடியே நட்டு வைத்திருந்தாள். ஆசாரி அங்கே காத்திருந்தார். மண்ணை அதன் அடியில் வைத்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டது. சீனிச்சாமி வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் தலைப்பாகையைச் சமாதிமேலிருந்து எடுத்துப் பனியை உதறி மாட்டிக்கொண்டார். முன்பெல்லாம் கல்லின் முன்னால் பேசும்போது குரலில் ஒரு கரகரப்பு இருக்கும். இப்போது இல்லை. கதையும் வளர்ந்திருக்கிறது. துரையின் காலடி மண்ணைத் தலையில் வைத்துக் கொண்டுபோனால் வீட்டில் நல்லது நடக்கும் என்கிறார். வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி டிஷ்யூ பேப்பரில் மடித்துக்கொள்கிறார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போனார்.

சுற்றிலும் தோண்டித் தோண்டிக் கல் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. தினமும் அதைக் கடந்துதான் போகிறார். நிமிர்த்தி வைக்க ஒரு கை போதும். சீனிச்சாமி நிமிர்த்தவில்லை.