பிணம் இல்லாத செத்தவீடு

வலை இழுத்து அலுத்துப்போய், சப்பாத்துப் போட ஆசைப்பட்டு வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்தவன் என் தம்பி. எகிப்துக்குப் போய், அங்கேயே காய்ச்சலில் செத்தான். புதைத்தும் விட்டதாகத் தந்தி வந்தது. அழுவதற்கு அது போதும் என்று நான் நினைத்தேன். எங்கள் ஆட்களுக்குப் போதவில்லை. செத்தவீடு எந்த வீடு என்று சண்டை தொடங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண்சாதி வீட்டுக்காரன். தம்பியின் பெண்சாதி வீடு வாவிக்கு அக்கரையில் இருந்தது. அவன் அங்கே ஒரு மாதம்கூட வாழவில்லை.

"பெத்த வீட்டிலதான் பந்தல்" என்றார் பெரியப்பா.

"கட்டின வீடு இருக்கக்குள்ள இஞ்ச என்ன பந்தல்?" என்றார் தாய்மாமன்.

முடிவாகும்வரை ஒப்பாரி கூடாது என்று அம்மாவை அறைக்குள் இருத்திவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் தோணியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் அலைந்தார்கள். ஒருவர் என்னிடமே கேட்டார்: "தம்பி, எங்க அழுறது எண்டு சொல்லியனுப்புங்களன்."

எனக்குப் பெரியவர்கள் முன்னால் வாய் வராது. பந்தல்காரர்கள் கம்புகளைக் கீழே போட்டுவிட்டு வெற்றிலை சப்பினார்கள். மத்தியானம்வரை பொறுத்த அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"பந்தல உங்கட தலையில போடுங்க. மருமகப் புள்ள அக்கரையில தனியக் கிடக்குது. நான் அவளோட இருந்து அழப்போறன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? தோணியத் தள்ளு!"

"அப்ப முறை எண்டு ஒண்டு..." என்று பெரியப்பா கரைவரை பின்னால் வந்தார். நான் காது கேளாதவன்போலத் தோணியைத் தள்ளினேன்.